எத்தனை பேண்டு என்று கேட்காதீர்கள்

காரைக்கால் கரையோரத்துப் போலகத்திலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 440 கிலோமீட்டர். தென்சீனத்தின் குன்மிங் சுமார் 2,900 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் ஒரே சக்தியுள்ள சிற்றலை டிரான்ஸ்மிட்டரை வைத்து, உச்சிப்பொழுதில் 17 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால், போலகத்தில் குன்மிங் கணீரென்று கேட்கும். கொழும்பு பெரும்பாலும் கேட்காது. கிட்டத்தில் இருப்பது மறைந்து எட்டத்தில் இருப்பது ஒலிக்கிற இந்த விந்தை பிடிபடாமல் சிற்றலை வானொலி வாங்குகிறவர்கள், சில நாளிலேயே "ஒன்றும் எடுக்கவில்லை, வெறும் கரகரப்பு" என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டியின் மேல் சொல்லும் குற்றத்தில் பாதிக்கு மேல் வானத்தையும் வீட்டையும் கடிகாரத்தையும் சேர்ந்தது. அதனால் பெட்டியைப் பற்றிப் பேசுமுன் வானத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைச் சிற்றலை என்கிறோம். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.3 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 41 மீட்டர். அறிவிப்பாளர்கள் "41 மீட்டர் அலைவரிசையில்" என்று சொன்னது இந்தக் கணக்கைத்தான். பண்பலை நேர்கோட்டில் போகிறது. கோபுரம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டால் சிறிது தூரத்தில் அது ஓய்ந்துவிடும். சிற்றலை மேலே ஏறி, வானத்தில் வளைந்து, திரும்பவும் மண்ணுக்கு வருகிறது.

வளைப்பது அயனிமண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வானத்துக் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. தரையிலிருந்து ஏறக்குறைய 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இந்த எலக்ட்ரான்கள் அடர்ந்து கிடக்கும் பகுதிக்கு எஃப் அடுக்கு என்று பெயர். மார்க்கோனி 1901இல் அட்லாண்டிக்கைத் தாண்டிச் சைகை வாங்கியபோது, உருண்டையான பூமியைச் சுற்றி அலை எப்படி வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. மேலே மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். அது உண்மையிலேயே இருக்கிறது என்று 1924இல் சோதனை செய்து காட்டிய ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ராவும் அவருடைய மாணவர்களும் இதே அடுக்குகளை ஆராய்ந்தார்கள். மேல் வளிமண்டலம் பற்றி அவர் எழுதிய பெருநூலும் 1947இல்தான் வந்தது.

எஃப் அடுக்குக்கு இரண்டு குணங்கள். அதிர்வெண் கூடக் கூட அலை அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அலை செங்குத்தாக ஏற ஏற இன்னும் எளிதாகத் துளைக்கும். கொழும்பிலிருந்து போலகம் வர வேண்டிய அலை, 440 கிலோமீட்டருக்குள் 300 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கியாக வேண்டும். ஆகவே செங்குத்துக்குப் பக்கமாகத்தான் கிளம்பும். 17 மெகாஹெர்ட்ஸ் அந்தக் கோணத்தில் அடுக்கைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும். குன்மிங்கிலிருந்து வருவது சாய்ந்து ஏறுகிறது. அதே அடுக்கு அதை மடக்கிக் கீழே அனுப்புகிறது. கொழும்பு கேட்க வேண்டுமானால் 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கமாக இறங்கி வர வேண்டும்.

இலங்கை வானொலியின் கதை இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் சண்டையிட்ட படைவீரர்களுக்காகக் கொழும்பில் ஒரு நிலையம் எழுந்தது. அதற்காகக் கொழும்பை அடுத்த ஏக்கலயில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் போருக்குப் பிறகு, 1949இல், ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல்துறை அமைச்சரான கேஸ்கர் காலத்தில் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனபோது, அந்த இடைவெளியில் கொழும்பு புகுந்தது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் நம் பக்கத்து வீட்டுக் குரல்களாகிவிட்டன. இந்தியா பதிலுக்கு 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கியதும் பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் வழியாகத்தான்.

காரைக்கால் கரைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. மத்திய அலை பகலில் தரையைத் தழுவிக்கொண்டு போகும் அலை. காய்ந்த மண் அதை விழுங்கும், உப்புநீர் விழுங்காது. கடல்நீரின் மின்கடத்தும் திறன் ஈரமான நல்ல வயல்மண்ணைவிடவே நூறு மடங்குக்கும் மேல். நாகூர், வாஞ்சூர், போலகம், பட்டினச்சேரி என்று நீளும் இந்தக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருப்பது முழுக்கக் கடல். அதனால்தான் இங்கே சாதாரண இரண்டு பேண்டுப் பெட்டியில்கூடப் பட்டப்பகலில் இலங்கை மத்திய அலை தெளிவாக வந்தது. உள்நாட்டுக்குப் போகப் போக அதே நிலையம் தேய்ந்துவிடும். அங்கிருப்பவர்கள் சிற்றலையைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

பகலில் தூரத்து மத்திய அலை கேட்காமல் பொழுது சாய்ந்ததும் குபுகுபுவென்று கிளம்புவதற்குக் காரணம் வேறு. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி என்னும் அடுக்கு பகலில் மட்டும் உருவாகிறது. அது அலையை மடக்குவதில்லை, தின்றுவிடுகிறது. அதிர்வெண் குறைந்த அலைகளைத்தான் அதிகம் தின்னும். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் அது கலைந்துவிடும். 49 மீட்டரும் 41 மீட்டரும் இரவில் உயிர் பெறுவது இதனால்தான். பகலுக்கு 25, 19, 16 மீட்டர். இருட்டியபின் 31, 41, 49 மீட்டர். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம் வானத்துக்கென்று தனிக் குணமும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. ராக்கெட் ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியதும் அந்தக் கோட்டுக்காகத்தான். திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதற்காகவே. இந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில் சூரியன் மறைந்த கையோடு எஃப் அடுக்கு விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. அதனுள் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்புகின்றன. அவற்றின் ஊடே வரும் ஒலி படபடவென்று நடுங்கும். பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும் இது அதிகம். இரவு எட்டு மணிக்கு நல்ல நிலையம் ஒன்று திடீரென்று தழுதழுத்தால் பெட்டியைத் தட்ட வேண்டாம். பெட்டியில் கோளாறு இல்லை. சற்றுப் பொறுத்தோ வேறு மீட்டருக்கு மாறியோ கேட்கலாம்.

சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியும் இதில் சேரும். இப்போது நடக்கும் 25ஆம் சுழற்சி 2024இல் உச்சத்தைத் தொட்டது. உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் 16, 13 மீட்டர் போன்ற உயர் அலைவரிசைகள் நன்றாகத் திறக்கும். அதே ஆண்டுகளில்தான் சூரியப் பிழம்புகளும் அடிக்கடி வரும். பெரிய பிழம்பு ஒன்று வெடித்தால் பகலில் இருக்கும் பாதி உலகில் சிற்றலை சில நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு வரை அடங்கிப்போகும்.

இனிப் பெட்டி. கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேண்டு?" என்பது. 9 பேண்டு, 11 பேண்டு என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் பெட்டியின் தரத்தைச் சொல்வதே இல்லை. ஒரே சிற்றலைப் பரப்பைத் துண்டு துண்டாக வெட்டினால் எண் கூடும். எண் கூடியதால் ஒரு நிலையமும் கூடுதலாகக் கேட்காது.

முள் நகரும் பழைய வகை டயலில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிற்றலை நிலையங்களுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இடம் ஒதுக்குகிறார்கள். 6 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையை ஒரே டயலில் அடக்கிய பெட்டியில் 12,000 கிலோஹெர்ட்ஸ் பரப்பு, அதாவது 2,400 இடங்கள் உண்டு. டயலின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் 24 நிலையங்களின் இடம் அடைந்துகிடக்கிறது. விரலால் அதைத் துல்லியமாகத் திருப்ப யாராலும் முடியாது. நேற்று கேட்ட நிலையத்தை இன்று கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். எனவே முதல் நிபந்தனை, அதிர்வெண்ணை எண்ணால் காட்டும் டிஜிட்டல் பெட்டி. எண் பலகையில் 9690 என்று அழுத்தினால் அங்கே போய் நிற்கும் பெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. அட்டவணையில் பார்த்த எண்ணை அப்படியே தட்டலாம். கண் மங்கிய பெரியவர்களுக்கும் அதுவே சுலபம்.

இரண்டாவது, பக்கத்து நிலையத்தை ஒதுக்கும் திறன். 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பெரிய சீன நிலையம் முழங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேட்க விரும்பும் மெல்லிய குரலைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒலியைக் கேட்கும் அகலத்தை 6, 4, 3, 2 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதா என்று பாருங்கள். இப்போது வரும் சிறு பெட்டிகள் பலவற்றில் சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் சில்லு இருக்கிறது. அது இந்த வேலையைக் கணக்காகவே செய்துவிடுகிறது. முன்பு விலையுயர்ந்த பெட்டிகளில் மட்டும் இருந்த வசதி இது.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பெரும்பாலான பழைய பெட்டிகள் வந்த அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் பெருக்குகின்றன. மலிவான பெட்டியில் இதனால் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் தோன்றும்: தன் இடத்தில் ஒரு முறை, அதற்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழே இன்னொரு முறை. 9690இல் பலமாக ஒலிக்கும் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு 8780க்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே குரல் உரக்கக் கேட்டால் அந்தப் பெட்டியின் வடிகட்டல் மோசம். டயல் நிறைய நிலையம் எடுக்கிறது என்று கடைக்காரர் காட்டும்போது அதில் கணிசமானவை இப்படி வந்த போலிகளாக இருக்கலாம்.

மூன்றாவது, ஒற்றைப் பக்கப்பட்டை. எஸ்.எஸ்.பி. என்று பெட்டியில் எழுதியிருக்கும். சாதாரண ஒலிபரப்பில் நடுவே ஒரு சுமப்பலையும் அதன் இருபக்கமும் குரலைத் தாங்கிய பட்டைகளும் உண்டு. சக்தியை மிச்சப்படுத்த அமெச்சூர் வானொலிக்காரர்களும் விமானங்களும் கப்பல்களும் சுமப்பலையையும் ஒரு பட்டையையும் வெட்டிவிட்டு மற்றதை மட்டும் அனுப்புகிறார்கள். சாதாரணப் பெட்டியில் அது மூக்கடைத்த முனகலாகக் கேட்கும். எஸ்.எஸ்.பி. உள்ள பெட்டி, காணாமல்போன சுமப்பலையைத் தானே உண்டாக்கிச் சேர்க்கும். குமிழை மிக மெல்லத் திருப்பினால் முனகல் சொற்களாகத் தெளியும். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அமெச்சூர்கள் கீழ்ப்பட்டையையும், மேலே மேற்பட்டையையும் வைத்துக்கொள்வது வழக்கம். 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்குள் காலை வேளையில் தேடினால் தென்னிந்திய அமெச்சூர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது கேட்கும். வங்கக் கடலின் மேல் பறக்கும் விமானங்கள் கரையிலுள்ள சாதாரண வானொலியின் எல்லையைத் தாண்டியதும் சென்னையுடன் சிற்றலையில்தான் பேசுகின்றன.

இந்த வசதியை ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் 2004ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த டிசம்பரில் அமெச்சூர் வானொலிக்காரரான பாரதி பிரசாத் தம் குழுவுடன் போர்ட் பிளேரில் சிற்றலை நிலையம் அமைத்துப் பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி ஆழிப்பேரலை அந்தமானின் தொலைபேசிகளைத் துண்டித்தபோது, தீவிலிருந்து செய்தி வந்த முதல் வழிகளில் அந்த நிலையமும் ஒன்று. அதே அலைதான் அன்று காலை நாகப்பட்டினத்தையும் காரைக்கால் மீனவர் குப்பங்களையும் அடித்துச் சென்றது.

சந்தையில் இருப்பவற்றைச் சொல்கிறேன். சீனத்தின் டெக்சன் நிறுவனம் இந்தத் துறையில் முன்னால் நிற்கிறது. பிஎல்-380 சிறியது, எண் பலகை உண்டு, சாதாரண சிறு பேட்டரிக் கட்டை மூன்று போதும், எஸ்.எஸ்.பி. கிடையாது. பிஎல்-330இல் எஸ்.எஸ்.பி. உண்டு. பழைய நோக்கியா கைபேசியின் பிஎல்-5சி பேட்டரியில் ஓடும். எக்ஸ்ஹெச்டேட்டா டி-808இல் எண் பலகை, எஸ்.எஸ்.பி. இரண்டும் உண்டு. பிஎல்-660 சற்றுப் பெரியது, பழையது. எண் பலகை, எஸ்.எஸ்.பி. இரண்டோடு, சுமப்பலை மங்கும்போது ஒலி சிதையாமல் பார்த்துக்கொள்ளும் ஒத்திசைவு முறையும் உண்டு. நான்கு பேட்டரிக் கட்டையில் ஓடும். சோனி தன் புகழ்பெற்ற சிற்றலைப் பெட்டிகளை நிறுத்திவிட்டது. பழையது கிடைத்தால் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு வாங்கலாம்.

இவற்றில் ஒன்றை மட்டும் சொல் என்றால், கடலோர வீட்டுக்கு நான் பேட்டரிக் கட்டையில் ஓடும் பெட்டியைத்தான் சொல்வேன். புயலுக்குப் பிறகு மின்சாரம் நாலைந்து நாள் வராதபோது சார்ஜ் ஏற்றும் பெட்டி ஊமையாகிவிடும். கட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கேட்காத நாட்களில் கட்டையைக் கழற்றி வையுங்கள். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. கட்டை தொடும் சுருள்கம்பி பச்சை பிடிப்பதும், நீட்டும் ஏரியலின் மூட்டுகள் இறுகுவதும் நம் கரையில் சீக்கிரம் நடக்கும். பழுது பார்க்கும் கடைக்காரர் "உப்புக் காத்து தின்னுடுச்சுங்க" என்று காட்டும் பெட்டிகளில் உள்ளே சில்லு நன்றாகத்தான் இருக்கும்; அரித்துப்போனது தொடுமுனைகளும் சுவிட்சுகளும். மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு போட்டு வைத்தால் பெட்டி பல ஆண்டு உழைக்கும்.

பெட்டி கைக்கு வந்தபின் செய்ய வேண்டிய முதல் காரியம், வீட்டில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. பொழுது சாய்ந்ததும் பெட்டியைக் கட்டையில் போட்டு, 41 மீட்டரில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஒரு கை எல்.இ.டி. பல்பின் சுவிட்சில் இருக்கட்டும். அணைத்ததும் இரைச்சல் சட்டென்று பாதியாகிறதா? அடுத்து கைபேசி சார்ஜரைப் பிடுங்குங்கள். பிறகு இன்வர்ட்டர், டி.வி. பெட்டி, புதுவகை மின்விசிறி. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு உறுமிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை நறுக்கி நறுக்கி மாற்றும் எந்தக் கருவியும் சிற்றலையில் குப்பை கொட்டும். கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கிப் பாருங்கள். அதுவரை இல்லாத நிலையங்கள் அதே பெட்டியில் எழும்பி வருவதைக் கேட்டால், பெட்டியைத் திட்டியது அநியாயம் என்று புரியும். கரண்டு போன இரவில் சிற்றலை அருமையாகக் கேட்கும் என்று பழைய ஆட்கள் சொல்வது முழு உண்மை.

போலகத்தைப் போன்ற ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒருபுறம் தொழிற்பேட்டை, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டி 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம். அதிலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகள். உப்புப் படிந்த இன்சுலேட்டர்களில் பனிக்கால ஈரம் சேர்ந்தால் மின்பொறி கசிந்து பேரிரைச்சல் எழும்பும். மறுபுறம், கம்பங்களைவிட்டு நூறு இருநூறு மீட்டர் தள்ளி வயல்வெளிக்குள் போய்விட்டால் அமைதி. நகரவாசிக்குக் கிடைக்காத வசதி இது. கான்கிரீட் வீட்டுக்குள் கம்பிகள் அலையைத் தடுக்கும். வெளித் திண்ணைக்கு வாருங்கள், முடிந்தால் மொட்டை மாடிக்கு, அதைவிட வரப்புக்கு. கடற்கரை மணல் எல்லாவற்றிலும் சிறந்த இடம்.

ஏரியலுக்குப் பெரிய செலவு வேண்டாம். உறையிட்ட சாதாரண மின்கம்பி 5 முதல் 10 மீட்டர் எடுத்து, ஒரு முனையைப் பெட்டியின் ஏரியலில் கிளிப்பால் மாட்டி, மறுமுனையில் கயிற்றைக் கட்டிப் பூவரசிலோ தென்னையிலோ ஏற்றுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்திலோ அதற்குக் குறுக்கேயோ ஒருக்காலும் போகக்கூடாது. மின்கம்பத்தில் கட்டவே கூடாது. 30 மீட்டர், 40 மீட்டர் என்று ஆசையாக நீட்டினால் சிறு பெட்டி திணறும்: பெரிய நிலையங்கள் எல்லா இடத்திலும் வந்து குழம்பும். மழைமேகம் கறுத்து இடி முழங்கினால் கம்பியை உடனே கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். மத்திய அலைக்கு இந்தக் கம்பி பெரும்பாலும் உதவாது. அதன் ஏரியல் பெட்டிக்குள்ளே இருக்கும் ஃபெரைட் கட்டை. பெட்டியையே திருப்பித் திருப்பித்தான் திசை பிடிக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். சிற்றலை அட்டவணைகள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். 1300 என்று போட்டிருந்தால் நமக்கு மாலை 6.30. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் உலகெங்கும் அதிர்வெண்கள் மாறும். பழைய எண்ணில் தேடிவிட்டு நிலையம் மூடிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

வானம் இப்போது எந்த அலையைத் தாங்குகிறது என்று அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சீனத்தின் பி.பி.எம். என்னும் நேரச்சைகை நிலையம் 5, 10 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் நாள் முழுக்கவும், 15இல் நம் நேரப்படி காலை 6.30 முதல் பிற்பகல் 2.30 வரையும் நொடிக்கு ஒரு டிக் அனுப்புகிறது. காலை 7 மணிக்கு மூன்றையும் தட்டிப் பாருங்கள். எதில் பலமாகக் கேட்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நண்பகலிலும் இரவிலும் மறுபடி குறியுங்கள். சில வாரம் குறித்தால் டி அடுக்கு பகலில் 5 மெகாஹெர்ட்ஸை விழுங்குவதும், இருட்டியபின் அது மீண்டு வருவதும் உங்கள் கையெழுத்திலேயே தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான வளிமண்டல இயற்பியல் பாடம் எனக்குத் தெரியாது. காரைக்கால் பள்ளி அறிவியல் மன்றங்கள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

சிற்றலையில் இன்று தமிழ் மெலிந்துவிட்டது என்பதை மறைக்க முடியாது. 1941 மே மாதம் தொடங்கிய பிபிசியின் தமிழ்ச் சேவை, தமிழோசை என்ற பெயரில் இரவு 9.15க்கு எத்தனையோ வீடுகளை அமைதிப்படுத்திய சேவை, 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியில் நின்றது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலி 2018 ஜூன் இறுதியில் சிற்றலையை விட்டது. சீன வானொலி 1963 ஆகஸ்ட் முதல் தேதி தமிழில் பேசத் தொடங்கியபோது சிற்றலையின் பொற்காலம். இப்போது அந்த நிறுவனமும் இணையத்தில்தான் கூடுதல் கவனம் செலுத்துகிறது. ஆகாசவாணி தன் சிற்றலை நிலையங்களை ஒவ்வொன்றாக மூடியதில் சென்னையின் 4920 கிலோஹெர்ட்ஸும் போய்விட்டது. அந்த 60 மீட்டர் பட்டையை நம்மைப் போன்ற வெப்பநாடுகளுக்கென்றே உலக நாடுகள் ஒதுக்கியிருந்தன. இடிமின்னல் இரைச்சலில் மத்திய அலை இங்கே தடுமாறும் என்பதே காரணம். ஆழ்கடலுக்குப் போகும் மீனவனைப் பண்பலை எட்டாது. ஒரே ஒரு சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வங்கக் கடலின் இந்தப் பக்கம் முழுவதையும் எட்டும். அதை மூடியது சரியான சிக்கனம் என்று நான் நம்பவில்லை. சென்னையில் ஒன்றையாவது புயல் காலத்துக்கென்று மீண்டும் இயக்க வேண்டும்.

இருந்தாலும் டயல் காலியாகவில்லை. சீன வானொலியின் பல மொழிச் சேவைகள், பிபிசியின் ஆங்கிலம், ஜப்பானின் என்.எச்.கே., கொரியாவின் கே.பி.எஸ்., வியட்நாமின் குரல் ஆகியவை மாலையில் 31, 25 மீட்டர்களில் தேடினால் அகப்படும். டிஜிட்டல் முறையில் வரும் டி.ஆர்.எம். ஒலிபரப்பு மட்டும் இந்தப் பெட்டிகளில் வெறும் சீறலாகக் கேட்கும். அதற்குத் தனிப் பெட்டி வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, இந்தக் கரையில் மின்கம்பங்கள் சாய்ந்தன, கைபேசிக் கோபுரங்கள் அடங்கின. அப்படிப்பட்ட இரவில் வெளியுலகச் செய்தியைக் கொண்டுவர, கட்டையில் ஓடும் பெட்டியைவிட நம்பகமானது வீட்டில் வேறொன்றும் இருக்காது. ஆகவே சிற்றலைக்காக வாங்கும் பெட்டியில் பண்பலையும் மத்திய அலையும் இருந்தே தீர வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் பெட்டியை எடுத்துத் துடைத்து, புதுக் கட்டை போட்டு, காரைக்கால் பண்பலை 100.3, திருச்சி மத்திய அலை 936 இரண்டையும் நினைவகத்தில் ஏற்றி, எண்களைப் பெட்டியின் பின்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், அதைத் திறந்து கேட்கக் கற்றுக்கொடுங்கள்.